குழந்தை வளர்ச்சிப் படிப்புகள்: எந்த வழியில் போவது?

+2 முடித்த பிள்ளைகளில் சிலர், "குழந்தைகளோடு வேலை செய்யணும், அதுக்கு என்ன படிக்கலாம்?" என்று கேட்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் இதற்கு ஒரே படிப்பு கிடையாது. மூன்று வயதாகியும் பேச்சு வராத குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பது ஒரு தொழில். கற்றல் குறைபாடு உள்ள சிறுவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது வேறொரு தொழில். அறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் பேசி, உள்ளே என்ன நடக்கிறது என்று கண்டறிவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் படிப்பும் வேறு, பதிவும் வேறு. எனவே கல்லூரியைத் தேடுவதற்கு முன், இவற்றில் எந்த வேலை என்பதை முடிவு செய்யுங்கள்.

பேச்சுப் பயிற்சி என்றால் பி.ஏ.எஸ்.எல்.பி. எனும் நான்கு ஆண்டுப் பட்டம். +2-வில் அறிவியல் பாடங்கள் எடுத்திருக்க வேண்டும். மைசூருவில் உள்ள அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் இத்துறையில் நாட்டின் முதன்மையான இடம்.

சிறப்புக் கல்விக்கு +2-வுக்குப் பிறகு இரண்டு ஆண்டு டி.எட். டிப்ளமோ உண்டு. பட்டம் முடித்தவர்கள் பி.எட். சிறப்புக் கல்வியில் சேரலாம். சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் இருக்கும் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தில் இப்படிப்புகள் நடத்தப்படுகின்றன. நம்மில் பலர் அந்த வாசலைக் கடந்து போயிருப்போம், உள்ளே என்ன சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்திருக்க மாட்டோம்!

உளவியலில்தான் குழப்பம் அதிகம். பி.எஸ்சி. உளவியல் முடித்தவுடன் 'சைக்காலஜிஸ்ட்' பலகை மாட்டிவிடலாம் என்று நினைப்பது தவறு. மருத்துவ உளவியலாளராகப் பணியாற்ற, முதுகலைக்குப் பிறகு இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த எம்.பில். படிப்பு இரண்டு ஆண்டுகள் முழுநேரமாகப் படித்தாக வேண்டும் என்பதே இதுவரை இருந்து வரும் நடைமுறை. புதிய தேசிய கல்விக் கொள்கை எம்.பில். பட்டத்தையே கைவிடச் சொல்வதால் படிப்புகளின் பெயர்கள் மாறி வருகின்றன. சேரும் ஆண்டில் எது செல்லும் என்பதை கவுன்சிலின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். எப்படியும் +2-விலிருந்து கணக்கிட்டால் ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குக் குடும்பம் தயாரா என்பதை இப்போதே பேசி முடிவெடுப்பது நல்லது. பாதியில் நிறுத்தினால் கையில் மிஞ்சுவது ஒரு பொதுப் பட்டம் மட்டுமே.

நோய், குறைபாடு என்ற பக்கம் போகாமல் குழந்தை எப்படி வளர்கிறது என்பதையே படிக்க விரும்புவோருக்கு மனையியல் துறையின் கீழ் வரும் மனித மேம்பாடு படிப்பு உண்டு. கோவை அவினாசிலிங்கம், டெல்லி லேடி இர்வின் கல்லூரி, பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகம் ஆகியவை இதில் பெயர் பெற்றவை. மழலையர் பள்ளி, 1975-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம், குழந்தைகள் நல அமைப்புகள் ஆகியவற்றில் இதற்கு இடமுண்டு. மனையியல் என்றதும் 'சமையல் படிப்பு' என்று ஒதுக்கிவிடுகிறோம். பெண்கள் கல்லூரியா என்று மட்டும் விசாரித்துவிட்டு, பாடத்திட்டத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள்.

பணம் கட்டும் முன் ஒன்றைக் கவனியுங்கள். உளவியலைத் தொலைதூரக் கல்வியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2025-ல் அறிவித்துவிட்டது. 'மூன்று மாதத்தில் குழந்தை ஆலோசகர்' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள். 1992-ஆம் ஆண்டின் மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, பதிவு இல்லாமல் மறுவாழ்வுத் தொழில் செய்பவருக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு. தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளையின் முதல் ஐந்தாறு ஆண்டுகள் அரைகுறைப் பயிற்சியில் வீணானால், அதை யாராலும் திருப்பித் தர முடியாது.

எனவே சிறப்புக் கல்வி, மருத்துவ உளவியல் போன்ற படிப்புகளில் சேரும் முன் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு மறுவாழ்வு கவுன்சிலின் ஒப்புதல் இருக்கிறதா? முடித்தால் பதிவு எண் கிடைக்குமா? பதிலை எழுத்தில் தர மறுத்தால் வேறு கல்லூரி பாருங்கள்.