தன் கணக்கை நம்பத் தயங்கியவர்

கதிரவன் எதனால் ஆனது? இன்று பள்ளி மாணவர் எவரைக் கேட்டாலும் "ஹைட்ரஜன்" என்று உடனே விடை வரும். ஆனால், இவ்விடையை முதன்முதலில் கணக்கிட்டுக் கண்டவரே, அது உண்மையாக இருக்க முடியாது என்று தம் கைப்பட எழுதினார் என்றால் நம்புவீர்களா? அவர்தாம் சிசிலியா பெய்ன் என்னும் அம்மையார்.

1900-இல் இங்கிலாந்தில் பிறந்த பெய்ன், கேம்பிரிட்ஜில் பயின்றார். அப்பல்கலைக்கழகம் அந்நாளில் பெண்களுக்குப் பட்டம் வழங்குவதில்லை. 1948-இல்தான் அந்நிலை மாறியது. எனவே 1923-இல் அவர் அமெரிக்கா சென்று, ஹார்வர்டு வானாய்வு நிலையத்தில் சேர்ந்தார். விண்மீன்களின் நிறமாலைகள் பதிவான கண்ணாடித் தகடுகள் அங்கே ஏராளமாக இருந்தன.

கதிரவனின் நிறமாலையில் இரும்பு, கால்சியம் முதலியவற்றின் கருங்கோடுகள் நிறைந்துள்ளன. ஆகவே, கதிரவனும் பூமியும் ஒரே வகைப் பொருள்களால், ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஆனவை என அறிஞர்கள் கருதினர். ஆனால், கோட்டின் அழுத்தம் தனிமத்தின் அளவை மட்டுமின்றி வெப்பநிலையையும் பொறுத்தது. இதைக் கணக்கிடும் வழியை 1920-இல் நம் நாட்டு விஞ்ஞானி மேகநாத் சாகா வகுத்திருந்தார்.

அவ்வழியைப் பெய்ன் பயன்படுத்தினார். கதிரவனின் மேற்பரப்பு வெப்பநிலையில், கண்ணுக்குப் புலனாகும் ஒளியை உறிஞ்சத்தக்க கிளர்ச்சி நிலையில் இருப்பது, பல கோடி ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றே. அப்படியிருந்தும் ஹைட்ரஜன் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன! அப்படியானால், ஹைட்ரஜன் எவ்வளவு மிகுந்திருக்க வேண்டும்? உலோகங்களைப்போல் ஏறத்தாழ 10 லட்சம் மடங்கு என்று கணக்குக் காட்டியது.

அக்காலத்தின் தலைசிறந்த வானியலறிஞர்களுள் ஒருவரான ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல், இம்முடிவு நடக்கவியலாதது என்றார். பெய்னுக்கு அப்போது வயது 24. 1925-இல் வெளிவந்த தம் ஆய்வேட்டில், ஹைட்ரஜனின் இம்மிகுதி பெரும்பாலும் உண்மையன்று என அவர் எழுதிவிட்டார். எனினும், கண்டறிந்ததை அவர் மறைக்கவில்லை.

நான்கே ஆண்டுகள் சென்றன. 1929-இல் ரஸ்ஸல் வேறு வழியில் ஆராய்ந்து அதே முடிவுக்கு வந்தார். பெய்னின் ஆய்வையும் தம் கட்டுரையில் குறிப்பிட்டார். ஆயினும் பெரும் புகழ் ரஸ்ஸலையே சேர்ந்தது. பின்னாளில் பெய்ன் பிறரைக் குறைகூறவில்லை. சரியென்று அறிந்ததை வலியுறுத்தாமல் பெரியவர் சொல்லுக்குப் பணிந்தது தம் தவறே என்றார். 1956-இல் அவர் ஹார்வர்டில் பேராசிரியராகவும் வானியல் துறைத் தலைவராகவும் உயர்ந்தார்.

ஐயம் அறிவியலுக்குப் பகையன்று. "என் கணக்கில் எந்தப் படி தவறு?" என்று கேட்பது நல்ல ஐயம், மீண்டும் சோதித்தால் அதற்கு விடை கிடைக்கும். "இதைச் சொல்ல நான் யார்?" என்பது வேறு வகை; எத்தனை முறை சோதித்தாலும் அது தீராது. ஆய்வுக்கூடத்திலோ அலுவலகத்திலோ உங்கள் முடிவை ஒருவர் மறுத்தால், தவறு எங்கே எனப் பணிவுடன் கேளுங்கள். தவறு புலப்பட்டால் திருத்திக்கொள்ளுங்கள். புலப்படும்வரை உங்கள் கணக்கை நீங்களே அடித்துவிடாதீர்கள்.