ஓட்டுக்குக் கீழே இருப்பவர்கள்

பாசிக்குடாவில் இடுப்பளவு நீரில் வெகுதூரம் நடந்துபோய்த் திரும்பிப் பார்த்தால், போருக்குப் பின் எழுந்த விடுதிகள் கரையோரம் வரிசையாகத் தெரியும். தாழ்ந்திறங்கும் கூரை, சுவரில்லாத மண்டபம், உள்ளே முற்றம் என்று எங்காவது கண்டால் போதும், ‘பாவா பாணி’ என்பார்கள். நமது பழைய நாற்சார் வீடுகளிலும் முற்றம் இருந்தது என்பதை யாரும் நினைப்பதில்லை.

அமெரிக்காவில் 1936இல் திறந்த பெத்பேஜ் பிளாக் கோல்ஃப் திடலை வடிவமைத்தவர் பெயர்பெற்ற டில்லிங்காஸ்டா, பூங்காவை நிர்வகித்த பர்பெக்கா என்று ஒரு சர்ச்சை உண்டு. இந்தப் பாணிக்குப் பெயர் தந்த கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களைச் சுற்றியும் அப்படியொரு சர்ச்சை நடந்தது.

டென்மார்க்கின் கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னர் 1958இல் கண்டிக்கு வந்தது மினெட் டி சில்வாவிடம் வேலை செய்யத்தான். வெப்பநாட்டு நவீனத்தையும் உள்ளூர்க் கைவினையையும் பாவாவுக்கு முன்பே சேர்த்துக் கட்டியவர் மினெட். பிளெஸ்னர் பின்பு கொழும்பில் பாவாவுடன் சேர்ந்தார். 1967இல் நாட்டைவிட்டுப் போனார். பத்திக் கலைஞர் ஏனா டி சில்வாவின் கொழும்பு வீடும் பொலொந்தலாவத் தோட்ட பங்களாவும் அந்தக் காலத்தவை. அவை இருவரும் சேர்ந்து செய்த வேலை என்று 2012இல் வந்த தன் நினைவு நூலில் பிளெஸ்னர் உரிமை கோரினார். எனக்கு அவர் பக்கமே நியாயம் தெரிகிறது.

‘பாவா பாணி’ என்று சொல்லப்படும் அந்தக் கூரையையே பாருங்கள். மேலே அரைவட்ட ஓடு. அதற்கு அடியில் நெளிந்த அஸ்பெஸ்டஸ் சீட். ஓடு வெயிலைத் தாங்கும், கண்ணுக்கும் குளிர்ச்சி. ஒழுகாமல் காப்பது கீழே மறைந்திருக்கும் சீட்தான். ஒரே மேசையைச் சுற்றி இருந்தவர்களிடம் பிறந்த யோசனையை ஒருவர் கணக்கில் மட்டும் எழுதுவது எப்படி?

பிளெஸ்னர் போனபின் பாவாவின் பங்காளியானவர் பொறியியலாளர் கே. பூலோகசுந்தரம். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கூட்டு நீடித்தது. பெந்தோட்டை பீச் ஹோட்டல் அந்தக் காலத்தில் எழுந்தது. அதன் வரவேற்பு மண்டபத்தின் பத்திக் விதானம் ஏனா டி சில்வாவின் கைவண்ணம். கோட்டேயில் சதுப்பைத் தோண்டி ஏரியாக்கி, நடுவே 1982இல் திறந்த நாடாளுமன்றமும் அந்தக் காலத்ததே. அங்கே அவைக்கு நடுவில் தொங்கும் தாளிப்பனை விளக்கு கலைஞர் லக்கி சேனாநாயக்கவுடையது.

விளக்கைப் படமெடுப்பவர்கள் லக்கியின் பெயரையாவது கேட்டறிகிறார்கள். பூலோகசுந்தரத்தின் பெயரை நம் பள்ளிக்கூடங்களில்கூட நான் கேட்டதில்லை.