மழையே இல்லாத பாலைவனம்... மூடுபனியை இலையால் குடித்து வாழும் செடி! எப்படி?

ஒரு வருஷம் முழுக்க சேர்த்துப் பார்த்தாலும் 20 மில்லி மீட்டர் மழைகூட தேறாத இடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல் மேடுகள். அந்த மணலில் ஒரு செடி மட்டும் சதைப்பற்றான இலைகளோடு பச்சையாகப் படர்ந்து கிடக்கிறது. அதற்குத் தண்ணி எங்கிருந்து வருது?

மேலே இருந்தும் இல்லை, கீழே இருந்தும் இல்லை. பக்கத்தில் இருக்கும் கடலில் இருந்து, மூடுபனியாக வருகிறது.

எங்கே இருக்கிறது?

தென்மேற்கு ஆப்பிரிக்க நாடான நமீபியாவில், அட்லாண்டிக் கடலோரமாக நீண்டு கிடக்கிறது நமீப் பாலைவனம். அதன் மணல் மேடுகளில் வளரும் இந்தச் செடியின் தாவரவியல் பெயர் ட்ரையாந்திமா ஹெரெரோயென்சிஸ். அந்தப் பகுதியின் ஹெரெரோ இன மக்களை நினைவுபடுத்தும் பெயர் இது.

பெயர் வாயில் நுழையவில்லையா? இதன் நெருங்கிய சொந்தக்காரரை நமக்கு நல்லாவே தெரியும். நம்ம ஊர் வயல்களிலும் தரிசு நிலங்களிலும் மழைக்குப் பிறகு தானாக முளைக்கும் சாரணைதான் அது. இரண்டும் ஒரே பேரினம். சாரணை மழைக்காகக் காத்திருக்கும். நமீப் செடிக்கு அந்த வாய்ப்பே இல்லை.

மழை இல்லை, மூடுபனி மட்டும் எப்படி?

காரணம், பென்குவேலா என்ற குளிர்ந்த கடல் நீரோட்டம். தெற்கில் இருந்து வடக்கு நோக்கி இது கரையை ஒட்டியே ஓடுகிறது. கடலில் இருந்து வரும் ஈரக்காற்று இந்தக் குளிர்ந்த நீரின் மேல் கடக்கும்போது, அதில் உள்ள ஈரம் சின்னச் சின்னத் துளிகளாக மாறி மூடுபனி ஆகிறது.

அதே குளிர்ச்சிதான் மழையையும் தடுக்கிறது. கீழே குளிர்ந்த காற்று கனமாகப் படிந்து கிடப்பதால், அது மேலே எழும்பி மழை மேகமாக முடிவதில்லை. ஆக, மழையைக் கெடுப்பதும் மூடுபனியைக் கொடுப்பதும் ஒரே நீரோட்டம்தான்.

இரவில் பாலைவனத்துக்குள் நகரும் இந்த மூடுபனி, காலையில் வெயில் ஏறியதும் கலைந்துவிடும். செடிக்குக் கிடைப்பது அந்தச் சில மணி நேரம்தான்.

இலைதான் வாய்!

பொதுவாகச் செடிகள் வேர் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். நமீப்பில் வளரும் நாரா என்ற முள் செடி, நிலத்தடி நீரைத் தேடி வேரை வெகு ஆழத்துக்கு அனுப்புகிறது. அங்குள்ள ஒரு வகை மணல்மேட்டுப் புல்லோ, மூடுபனி சொட்டி ஈரமான மேல் மணலில் வேரைப் படர விட்டுக் குடிக்கிறது.

ட்ரையாந்திமா இன்னும் ஒரு படி மேலே. தன் மேல் படியும் பனித்துளிகளை இலைகள் மூலமாகவே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இதையும், இலையின் வித்தியாசமான அமைப்பையும் மேரி சீலி உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1977-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். நமீப்பில் 1962-ல் தொடங்கப்பட்ட கோபாபெப் ஆய்வு மையத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர் சீலி.

ஒரு புதர், பல உயிர்கள்

இந்தப் புதர் தனக்காக மட்டும் வாழவில்லை. காற்றில் பறந்து வரும் மணல் இதன் கிளைகளில் சிக்கி, சிறு மேடாகிறது. கூடவே விதை, காய்ந்த புல் துணுக்கு என எல்லாம் அங்கே சேரும். மணல்மேட்டு வண்டுகளுக்கு அதுதான் சாப்பாடு. கொளுத்தும் வெயிலில் பூச்சிகளும் பல்லிகளும் ஒதுங்குவதற்கு நிழலும் இதுதான். மழை இல்லாத காலத்திலும் செடி பச்சையாகவே இருப்பதால், இவற்றுக்கு எப்போதும் ஒரு புகலிடம் இருக்கிறது.

மூடுபனி குறைந்தால் என்ன ஆகும்?

மூடுபனி எட்டும் தூரம்தான் இந்தச் செடியின் எல்லை. அதற்கு மேல் உள்ளே போனால் செடியைப் பார்க்க முடியாது. 2013-ல் நமீப் மணல் கடலை உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்ததற்கு, மூடுபனியை நம்பி வாழும் இந்த உயிர்களும் ஒரு முக்கியக் காரணம்.

பாரம்பரியச் சின்னம் என்றால் நிலத்தைச் சுற்றி எல்லை போட்டுக் காக்கலாம். மணல் மேடுகளில் வண்டி ஓட்டிச் செடிகளை நசுக்காமல் தடுக்கலாம். ஆனால் மூடுபனிக்கு வேலி கிடையாது. கடலின் வெப்பமும் காற்றின் போக்கும் மாறினால், கரைக்கு வரும் மூடுபனியும் மாறும். மழை பொய்த்தால் நம்ம ஊர் சாரணையின் விதை அடுத்த மழை வரை மண்ணுக்குள் தூங்கும். நமீப் செடிக்கோ, அடுத்த மூடுபனி வந்தே ஆக வேண்டும். அதை நம்பி இருக்கும் வண்டுக்கும் பல்லிக்கும் அதேதான்.