தொடைவலிக்கும் ஒரு வரலாறு உண்டு

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் முதியவரின் தொடைவலி ஒரு செய்தியன்று. காலமெல்லாம் சரிவில் ஏறிக் கொழுந்து பறித்தவளும், விடியுமுன் மரத்துக்கு மரம் நடந்து றப்பர்ப் பால் வெட்டியவளும் "கால் கடுக்கிறது" என்றால், உழைத்த உடம்பென்று சொல்லித் தைலம் தடவுவதே வழக்கம். அந்த வழக்கத்தை நாம் ஐயுறவேண்டிய காலம் வந்துவிட்டது.

எலும்புப்புரை நோய்க்குத் தரப்படும் அலென்ட்ரோனேட் முதலிய மருந்துகளின் கதை தொழிற்சாலையிலே தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டில் ஆக்கப்பட்ட இவ்வகைச் சேர்மங்கள், குழாய்களில் சுண்ணாம்பு படிவதைத் தடுக்கவே நெடுங்காலம் பயன்பட்டன. எலும்பு கரைவதையும் அவை தடுக்கும் என்று 1960களில் சுவிட்சர்லாந்தில் ஹெர்பர்ட் பிளெய்ஷ் குழுவினர் கண்டனர். 1995இல் அமெரிக்கா அலென்ட்ரோனேட்டை இந்நோய்க்கு அனுமதித்தது. எண்ணற்ற முதியோரை இடுப்பு முறிவினின்று அது காத்தது என்பதை மறுப்பதற்கில்லை.

ஆயினும் எலும்பு உயிருள்ள பொருள். பழுதுற்ற பகுதியை அரித்தெடுத்துப் புதியதைக் கட்டுவது அதன் இயல்பு. அரிக்கும் பணியைப் பல்லாண்டு அடக்கிவைத்தால், நுண்ணிய வெடிப்புகள் செப்பனிடப்படாமல் எஞ்சுகின்றன. 2007இல் சிங்கப்பூர் மருத்துவர்கள், சிறிய விபத்திலேயே தொடையெலும்பின் மேற்பகுதி முறிந்த 13 பெண்களுள் 9 பேர் இம்மருந்தை நெடுநாள் உண்டவர்கள் என்று எழுதினர். 2010இல் அமெரிக்க அரசு மருந்துக் குறிப்பிலேயே எச்சரிக்கை சேர்க்கச் செய்தது. 2020இல் வெளிவந்த கலிபோர்னிய ஆய்வொன்று, 10,000 பெண்கள் மூன்றாண்டு மருந்துண்டால் நேர்வதைக் கணக்கிட்டது. வெள்ளையரிடையே 149 இடுப்பு முறிவுகள் தவிர்க்கப்பட, 2 தொடை முறிவுகள் நேரும். ஆசியரிடையே 91 தவிர்க்கப்பட, 8 நேரும்.

இம்முறிவுக்குப் பல வாரங்கள் முன்னரே தொடையிலோ கவட்டிலோ மந்தமான வலி தோன்றுவதுண்டு. உழைப்பின் வலியென்று நாம் ஒதுக்குவதும் அதே இடத்து வலிதான்! தோட்டத் தொழிலாளருக்கு மருத்துவம் அளிக்க 1872இலேயே சட்டம் பிறந்தது. ஆனால் அது காக்க நினைத்தது வேலைக்குப் போகும் கையை. பெயர் வெட்டப்பட்டு லயத்தில் ஒடுங்கிய கிழவியின் காலையன்று. அந்தப் பழைய கணக்கு நம் மனத்திலும் ஒட்டியிருக்கிறது.

மருந்தைத் தாமாக நிறுத்துவது தீது. ஆனால் அதை உண்பவர் தொடை வலிக்கிறது என்றால், இரு தொடைகளையும் எக்ஸ்றே எடுத்துப் பார்க்கவேண்டும். சில ஆண்டுகள் உண்டபின் இடைவெளி வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்கவேண்டும். ஆசிரியர்களே, மாணவர்களே, லயத்துப் பாட்டியிடம் என்ன மாத்திரை, எத்தனை ஆண்டாக என்று கேளுங்கள். ஓர் எலும்பைக் காக்க அந்தக் கேள்வியே போதுமானதாகலாம்.