ஒழுக்கம் என்ற பெயரில்: அரசு உயர்நிலைப் பள்ளிகளில் அறக்கல்வியும் சாதியும்

அரசுப் பள்ளி மாணவர் ஒருவர் ஆசிரியரை எதிர்த்துப் பேசும் காணொளி பரவும்போதெல்லாம், நீதிபோதனை வகுப்பை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்ற கோரிக்கை எழுகிறது. பிரம்பு போனதால்தான் ஒழுக்கம் போனது என்ற புலம்பலும் உடன் வருகிறது. அறக்கல்வி வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. அறம் பேசப்படாத பள்ளி வெறும் தேர்வுக்கூடம் மட்டுமே. ஆனால் எந்த அறம், அதைக் கற்பிக்கத் தகுதி உடையவர் யார், யாரைத் திருத்துவதற்காக என்ற மூன்று கேள்விகளுக்கு விடை காணாமல் பாடவேளை ஒதுக்கினால், அவ்வகுப்பு சாதியச் சமூகத்தின் மற்றொரு கருவியாகவே முடியும். சென்னையின் மேற்குப் புறநகரை மையமாக வைத்து இக்கேள்விகளை இங்கே ஆராய்வோம்.

நிலமும் பள்ளியும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய பகுதிகள் இன்று பெருநகரத்தின் நீட்சிகள். ஆனால் அவற்றின் நிலவரலாறு பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த ட்ரெமன்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலை குறித்து அளித்த அறிக்கையே, 1892ஆம் ஆண்டு அரசாணைக்கும் பஞ்சமி நில ஒப்படைப்புக்கும் அடிப்படை ஆயிற்று. நிலமின்மையும் கல்வியின்மையும் ஒரே கட்டின் இரு முடிச்சுகள் என்பதை அவ்வறிக்கை பதிவு செய்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் பள்ளியைத் தொடங்கினார். பொதுப் பள்ளியின் கதவு மூடியிருந்ததால்தான் தனிப் பள்ளி தேவைப்பட்டது.

கதவு திறந்த பிறகும் அச்சம் அகலவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், கோயம்புத்தூரில் படித்த காலத்தில் தம் சாதி தெரிந்துவிடுமோ என அஞ்சி உடன் பயின்றோரிடமிருந்து விலகியே இருந்ததைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் பதிவு செய்துள்ளார். சாத்தாரா பள்ளியில் அம்பேத்கர் தனிச் சாக்கில் அமர்ந்ததையும், பணியாளர் வந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் குடிக்க இயலாததையும் நாம் அறிவோம். அப்பள்ளிகளிலும் 'ஒழுங்கு' இருந்தது. எவர் எங்கே அமர வேண்டும், எதைத் தொடக்கூடாது என்பதே அந்த ஒழுங்கு.

1955இல் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு சோசலிச பாணிச் சமுதாயத்தை இலக்காக அறிவித்தது. அடுத்த பத்தாண்டுகளில் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஒப்பந்தத் தொழிலாளர், துப்புரவுப் பணியாளர், வீட்டுவேலை செய்வோர், வடமாநிலங்களிலிருந்து வந்தோர், நகரின் மையத்திலிருந்து அகற்றப்பட்டு அடுக்ககங்களில் குடியமர்த்தப்பட்டோர் ஆகியோரின் பிள்ளைகளே இன்று இப்பகுதி அரசுப் பள்ளிகளின் பெரும்பகுதி. வசதி உள்ளோர் தனியார் பள்ளிகளுக்குச் சென்றுவிட்டனர். ஆகவே 'அரசுப் பள்ளி மாணவரின் ஒழுக்கக்கேடு' என்ற சொற்றொடரில் சாதியின் பெயரைச் சொல்லாமலேயே சாதி பேசப்படுகிறது.

பேசிய மாணவிகள்

2022 மார்ச் மாதம், ஆவடியைச் சேர்ந்த நரிக்குறவர் சமூக மாணவிகள் தம் மக்கள் படும் இழிவு குறித்துப் பேசிய காணொளி தமிழகம் முழுவதும் பரவியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அம்மாணவிகளோடு உரையாடினார். ஏப்ரல் மாதம் அவர்களது குடியிருப்புக்கும் வந்தார். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தம் அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அது பல்லாண்டுக் கோரிக்கை.

தனக்கு நேர்ந்த இழிவைப் பெரியவர்கள் முன்னிலையில் அஞ்சாமல் சொல்வது அறச்செயல். அதே சொற்களை அம்மாணவிகள் ஒரு சாதாரண வகுப்பறையில், தம்மை இழிவுபடுத்திய ஆசிரியரைப் பார்த்துச் சொல்லியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்? 'எதிர்த்துப் பேசுகிறாள்' என்ற குறிப்பு அவர்கள் பெயருக்கு எதிரே ஏறியிருக்கும். நீதிபோதனை கீழ்ப்படிதலை மட்டுமே கற்பிக்குமானால், அநீதியைச் சுட்டும் குழந்தையே அதன் முதல் குற்றவாளி ஆகிவிடுகிறது.

நீதிபோதனையின் எல்லைகள்

அரசு நிதியில் முழுமையாக இயங்கும் கல்வி நிறுவனத்தில் சமயபோதனை கூடாது என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 28(1)ஆம் உறுப்பு. 1959இல் அமைக்கப்பட்ட ஸ்ரீபிரகாசா குழு பள்ளிகளில் ஒழுக்க, ஆன்மிக விழுமியங்களைக் கற்பிக்கப் பரிந்துரைத்தது. சமயங்களைப் பற்றிக் கற்பிப்பதும் சமயபோதனை செய்வதும் வேறு வேறு என்ற அடிப்படையில், 2002இல் அருணா ராய் வழக்கில் உச்சநீதிமன்றம் விழுமியக் கல்விக்கு இடமளித்தது. தமிழ்நாட்டில் 2016இல் சென்னை உயர்நீதிமன்றம் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை கற்பிக்க ஆணையிட்டது.

ஆக, சட்டம் அறக்கல்விக்குத் தடை விதிக்கவில்லை; மதபோதனைக்கே விதித்துள்ளது. இந்த எல்லைக்கோடு நடைமுறையில் எவ்வளவு எளிதாக அழிகிறது என்பதை 2024 ஆகஸ்டு இறுதியில் சென்னை மாநகரின் மேற்குப் பகுதியான அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் கண்டோம். தன்னம்பிக்கை உரைக்காக அழைக்கப்பட்ட மகாவிஷ்ணு என்ற பேச்சாளர், மாற்றுத்திறனாளிகளாகவும் ஏழைகளாகவும் சிலர் பிறப்பதற்கு முற்பிறவியின் செயல்களைக் காரணமாகக் கூறினார். பார்வை மாற்றுத்திறனாளியான ஆசிரியர் ஒருவர் எழுந்து மறுத்தார். பள்ளிக்கல்வி அமைச்சர் நடவடிக்கை அறிவித்தார், தலைமையாசிரியர்கள் இடமாற்றப்பட்டனர், செப்டம்பர் 7 அன்று பேச்சாளர் கைது செய்யப்பட்டார்.

ஒரு தனிமனிதரின் கைதோடு இச்சிக்கல் முடிந்துவிடவில்லை. பிறவி வேறுபாட்டை முன்வினைப் பயனாக விளக்குவது சாதியமைப்பின் மூலக் கருத்து. ஏழைக் குழந்தையிடம் 'உன் வறுமைக்கு நீயே காரணம்' என்று சொல்லும்போது, அதன் தந்தைக்கு மறுக்கப்பட்ட கூலியும் பாட்டனுக்கு மறுக்கப்பட்ட நிலமும் கணக்கிலிருந்து மறைந்துவிடுகின்றன. பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தோருக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இயங்குகிறது. அங்குப் பயிலும் ஒரு மாணவர் முன்னால் நின்று இவ்வுரையைச் சொல்லிப் பார்த்தால் அதன் கொடுமை விளங்கும். அன்று எழுந்து மறுத்த ஆசிரியரே உண்மையான நன்னெறி வகுப்பை நடத்தியவர்.

தண்டனையும் சட்டமும்

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51ஆம் விதி 2003இல் திருத்தப்பட்டு, மாணவருக்கு உடல்வலியோ மனவலியோ தரும் தண்டனைகள் தடை செய்யப்பட்டன. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் இத்தடையை நாடு முழுமைக்கும் ஆக்கியது. குழந்தை உரிமைகள் பாதுகாப்புக்கான தேசிய ஆணையத்தின் வழிகாட்டு நெறிகளை நடைமுறைப்படுத்துமாறு 2024இல் சென்னை உயர்நீதிமன்றம் மீண்டும் அறிவுறுத்த வேண்டியிருந்தது என்பதே, சட்டத்துக்கும் வகுப்பறைக்கும் உள்ள தொலைவைக் காட்டுகிறது.

தண்டனை எல்லாக் குழந்தைகள் மீதும் ஒரே வடிவில் விழுவதில்லை. 2022இல் ஈரோடு மாவட்டம் பெருந்துறை அருகே ஓர் ஒன்றியப் பள்ளியில் தலித் மாணவர்களைக் கழிவறை தூய்மை செய்ய வைத்ததாகத் தலைமையாசிரியர் கைது செய்யப்பட்டார். எந்தக் குழந்தையின் கையில் துடைப்பம் தரலாம் என்ற முடிவு பள்ளிக்குள் நுழையும் முன்பே ஊரில் எடுக்கப்பட்டுவிடுகிறது.

பிரம்புக்கு மாற்றாக இன்று ஆவணம் வந்துள்ளது. ஒழுங்கீனமாக நடந்து நீக்கப்படும் மாணவரின் மாற்றுச் சான்றிதழிலும் நடத்தைச் சான்றிதழிலும் நீக்கத்துக்கான காரணம் குறிக்கப்படும் என 2022 மே மாதம் சட்டமன்றத்தில் பள்ளிக்கல்வி அமைச்சர் அறிவித்தார். இதைச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது 8ஆம் வகுப்பு வரை, எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அந்தக் காப்பு 9 முதல் 12 வரை பயிலும் மாணவருக்கு இல்லை. வறுமையும் வேலைக்குப் போகும் நெருக்கடியும் மிகும் பருவம் அதுவே.

மறுபுறம், 2015ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் 'புதிய தொடக்கம்' என்ற கோட்பாட்டை ஏற்கிறது. சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையின் பழைய பதிவுகளைச் சில விதிவிலக்குகள் தவிர அழித்துவிட வேண்டும் என்பது அதன் பொருள். குற்றம் புரிந்த சிறாருக்கே நீதிமுறை மறுவாழ்வு தரும்போது, மேசையை உடைத்த 15 வயது மாணவரின் சான்றிதழில் வாழ்நாள் கறை படிவது எந்த நீதி? அக்கறையோடு வேலை தேடிச் செல்லும் முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு, பரிந்துரைக்க மாமனோ சித்தப்பனோ அலுவலகங்களில் இல்லை. அந்தத் தாள் ஒன்றுதான் அவரைப் பற்றிப் பேசும்.

ஒழுக்கத்தைக் காவல்துறையிடம் ஒப்படைக்கும் போக்கும் வளர்கிறது. மாணவரிடையே ஒழுக்கத்தையும் பொறுப்புணர்வையும் வளர்க்கும் நோக்கில் சென்னைப் பெருநகரக் காவல்துறை 2022 செப்டம்பரில் 'சிற்பி' திட்டத்தைத் தொடங்கியது. அதன் நோக்கம் நல்லதாக இருக்கலாம். ஆனால் குடிசைப்பகுதி இளைஞரைச் சந்தேகக் கண்ணோடு பார்த்துப் பழகிய துறை, அவரது அறவாழ்வின் ஆசிரியராகவும் அமர்வதில் உள்ள முரண் பேசப்பட வேண்டும்.

நாங்குநேரியும் சந்துரு குழுவும்

2019இல் பள்ளிகளில் சாதி அடையாளக் கயிறுகளைத் தடை செய்யப் பள்ளிக்கல்வி இயக்குநர் அனுப்பிய சுற்றறிக்கை, எதிர்ப்பு எழுந்ததும் அன்றைய அமைச்சரால் கைவிடப்பட்டது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், உடன் பயின்ற மாணவர்களின் தொல்லை குறித்துப் பள்ளியில் முறையிட்ட தலித் மாணவரும் அவர் தங்கையும் வீட்டிலேயே வெட்டப்பட்டனர். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூன் 18 அன்று முதலமைச்சரிடம் அறிக்கை அளித்தது.

அவ்வறிக்கை ஒழுக்கத்தைப் பற்றிய பேச்சின் திசையையே மாற்றியது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அறநெறி வகுப்பு வேண்டும் என அது கூறுகிறது. ஆனால் மாணவரிடம் மட்டும் அறத்தைக் கேட்டு அது நிற்கவில்லை. பள்ளிப் பெயர்களில் உள்ள சாதிச் சொற்களை நீக்குதல், வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாதிருத்தல், உதவித்தொகை விவரங்களை வகுப்பில் அறிவிக்காதிருத்தல், அகரவரிசைப்படி அமர வைத்தல், ஒரு பகுதியில் பெரும்பான்மையாக உள்ள சாதியைச் சேர்ந்தவரை அங்குக் கல்வி அலுவலராக அமர்த்தாதிருத்தல், ஆசிரியருக்கு நடத்தை விதிகள், 500 மாணவருக்கு மேல் உள்ள பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் எனப் பட்டியல் நீள்கிறது. நிறுவனம் முதலில் ஒழுக்கத்துடன் நடக்க வேண்டும் என்பதே இவற்றின் சாரம்.

சாதிக் கொடுமை தென்மாவட்டச் சிக்கல் என்று சொல்லிப் புறநகர்ப் பள்ளிகள் இதைக் கடந்துவிட முடியாது. இங்குச் சாதி பெரும்பாலும் கயிற்றில் தெரிவதில்லை. குடியிருப்பின் பெயரைக் கேட்பதில், 'கொசப்' என்றும் 'ஸ்காலர்ஷிப் பசங்க' என்றும் அழைப்பதில், கடைசி இருக்கையை ஒதுக்குவதில் அது இயங்குகிறது.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, அறநெறிப் பாடவேளையின் மூலநூல் அரசமைப்புச் சட்டமாக இருக்க வேண்டும். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் உறுப்பையும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் மாணவரும் ஆசிரியரும் சேர்ந்து படிக்க வேண்டும். அயோத்திதாசர், இரட்டைமலை சீனிவாசன், அம்பேத்கர், பெரியார் ஆகியோரின் வாழ்வும் வாதங்களும் அதில் இடம்பெற வேண்டும்.

இரண்டாவதாக, வெளியிலிருந்து வரும் பேச்சாளர் எவராயினும் அவரது பொருள் முன்கூட்டியே பரிசீலிக்கப்பட வேண்டும். மாணவர் கேள்வி கேட்கும் நேரம் கட்டாயமாக இருக்க வேண்டும்.

மூன்றாவதாக, 9 முதல் 12ஆம் வகுப்பு மாணவரை விளக்கம் கேட்காமலும் பெற்றோரை அழைக்காமலும் நீக்கக்கூடாது. சான்றிதழில் பாதகக் குறிப்பு எழுதும் வழக்கம் முற்றாகக் கைவிடப்பட வேண்டும்.

நான்காவதாக, நம் பங்கு. பள்ளி மேலாண்மைக் குழுவின் உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுப் பெற்றோருக்கு உரிய இடம் வேண்டும் எனக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது. அவ்விடங்கள் பெயரளவில் நிரப்பப்பட்டுள்ளனவா, அப்பெற்றோர் கூட்டத்தில் பேசுகிறார்களா என்பதைக் கல்லூரி மாணவரும் செயற்பாட்டாளரும் தத்தம் பகுதியில் கேட்க முடியும். துன்புறுத்தல் நேர்ந்தால் 14417, 1098 ஆகிய உதவி எண்களில் புகார் அளிக்கலாம்; புகாரின் நகலை எழுத்தில் வைத்திருப்பது இன்றியமையாதது.

மாணவர் வன்முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆசிரியரின் மாண்பும் காக்கப்பட வேண்டியதே. ஆனால் மரியாதை ஒரு திசையில் மட்டும் பாயும் இடத்தில் விளைவது பணிவு. அது ஒழுக்கம் ஆகாது. மேற்குப் புறநகரின் அரசுப் பள்ளிகளிலிருந்து பணிந்து நிற்கும் பிள்ளைகள் வெளிவர வேண்டுமா, நிமிர்ந்து நின்று பிறரையும் மதிக்கும் குடிமக்கள் வெளிவர வேண்டுமா என்பதைத் தீர்மானித்த பிறகே நீதிபோதனைக்கான பாடவேளையை நாம் வகுக்க முடியும்.