வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ்: ஓசூரில் 1-ம் வகுப்பு குழந்தை பழகுவது எப்படி?

பள்ளி திறந்ததும் ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கம் 1-ம் வகுப்பு ஆசிரியர்களுக்கு முதல் சவால் மொழிதான். தெலுங்கு, கன்னடம் பேசும் வீட்டுக் குழந்தைகள் இங்கு ஏராளம். சிப்காட் வேலைக்கு வந்த வடமாநிலக் குடும்பங்களின் பிள்ளைகளும் உண்டு.

தமிழ் கட்டாயமா?
ஆம். 2006-ம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டப்படி, 1 முதல் 10-ம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். தாய்மொழி வேறு என்றால், அதை விருப்பப் பாடமாகப் படிக்கலாம்.

எப்படிச் சொல்லித் தருகிறார்கள்?
2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் ஆட்டம், பாட்டு, கதை வழியாகப் பாடம். கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் எனக் குழந்தைகளைப் பிரிக்கிறார்கள்.

டிசி இல்லையா?
கவலை வேண்டாம். 6 முதல் 14 வயது வரை, டிசி வரத் தாமதம், வயதுச் சான்று இல்லை என்று சொல்லி சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009 சொல்வது இது.

காலை ஷிப்டுக்குப் போகும் பெற்றோரா?
அரசு தொடக்கப்பள்ளிகளில் 1 முதல் 5-ம் வகுப்பு வரை காலை உணவு இலவசம்.

வீட்டில் என்ன செய்யலாம்?
வீட்டு மொழியை நிறுத்த வேண்டாம். "தண்ணி வேணும்", "பாத்ரூம் போகணும்", "வயிறு வலிக்குது" என்று தமிழில் சொல்ல மட்டும் முதலில் பழக்குங்க. வாய் திறந்து கேட்கத் தெரிந்தாலே பாதி பயம் போயிடும்.