மலக்குழியின் வாயு

இத்தாலியின் மோடெனா நகரில், தம் இல்லத்து மலக்குழியைச் சுத்தம் செய்த தொழிலாளி ஒருவர் பெரும் பதற்றத்தோடு வேலையை முடிக்க விரைவதைக் கண்டு, அதன் காரணத்தை அவரிடமே பரிவோடு விசாரித்தறிந்த வைத்தியர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி, அத்தொழிலாளரின் கண்கள் சிவந்து எரிந்து நாளடைவில் பார்வையே மங்கிப்போவதையும், அவர்கள் பையிலுள்ள செப்புக் காசுகள் கறுத்துவிடுவதையும், தொழில்நோய்களைப் பற்றி 1700-இல் வெளியிட்ட தம் நூலில் பதிவு செய்தார். நோயாளியின் தொழில் யாதென வைத்தியர் வினவ வேண்டும் என்ற நியதியை வகுத்த அம்மேதைக்கு மனிதகுலம் என்றும் கடமைப்பட்டது.

மலக்குழித் தொழிலாளரின் அக்கொடுமைக்குக் காரணமான ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை 1777-இல் ரசாயன அறிஞர் ஷீலே ஆராய்ந்தார். பின்னர் இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக விஷமென்றே அது கருதப்பட்டதில் வியப்பில்லை; நம் தேசத்திலும் குழியில் இறங்கும் ஏழைகளின் உயிரை அது இன்றளவும் குடித்துவருகிறது.

ஆயினும், இதே வாயு மூளையிலும் சொற்ப அளவில் உற்பத்தியாகி நரம்புகளின் செய்திப் பரிமாற்றத்தை ஒழுங்குபடுத்துகிறது என்று ஜப்பானிய விஞ்ஞானிகளான அபே, கிமுரா இருவரும் 1996-இல் அறிவித்தனர். அதிக அளவில் உயிரணுவின் சுவாசத்தையே ஸ்தம்பிக்கச் செய்யும் இவ்வாயு, அற்ப அளவில் மைட்டோகாண்டிரியாவைப் பாதுகாத்து, ரத்தவோட்டம் தடைப்பட்டு மீளும்போது இதயத் திசுவுக்கு நேரும் சேதத்தைக் குறைப்பதை 2007-இல் சுண்டெலிகளிடம் நடந்த பரிசோதனைகள் காட்டின.